அம்மா ஓய்வில் இருக்கிறார்

ஓபர்சே
26 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்கா நோட்புர்கா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பலமுறை அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறேன். அம்மாவின் அடக்கத்தைப் பதினொன்றரை மணிக்கு வைத்திருந்தோம். தாங்கள் வந்தபோது மூன்றாகிவிட்டது. பனிச்சறுக்கு சீசன் சனிக்கிழமைகளில் நம் பள்ளத்தாக்குச் சாலை எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. விடுதிகளின் பழைய விருந்தினர் இறங்கிப் போவதும் புதியவர்கள் ஏறி வருவதும் அதே ஒரு பாதையில்தான். பாதிரியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஆனால் பாட வந்தவர்களும் பெட்டி தூக்க வந்தவர்களும் அவரவர் விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் கார்கள் வரத் தொடங்கிவிடும்.

தாங்கள் கல்லறைக்குக்கூடப் போகாமல் வாசலோடு திரும்பியது எனக்கு மிகுந்த வருத்தம். தங்கள் பெட்டியை வாங்க வின்ட்சென்ஸ் கை நீட்டினார். நம்மைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர், இன்னும் நம் வீட்டு விடுதியில்தான் பெட்டி தூக்குகிறார். அவரிடம்கூடத் தாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அடக்கம் நல்லபடியாக நடந்தது. வெயில் இருந்தது. ஏரியில் பனிக்கட்டி கெட்டியாக இருப்பதால் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகள் தினமும் ஓடுகின்றன. மேலே மலைச்சரிவுகளில் இவ்வளவு நல்ல பனியைப் பல வருடமாகப் பார்த்ததில்லை. நம் விடுதியில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் படம் போட்ட நினைவு அட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
கொர்பினியான் ராங்கர்


ஹாம்பர்க்
5 மார்ச் 2023

கொர்பி,

எனக்குத் 'தாங்கள்' போடாதே. உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான். விடுதிப் படம் அச்சடித்த தாளில் எனக்கு எழுதவும் செய்யாதே. அந்த ஏரியையும் அந்த மலையையும் எனக்கு நீ காட்ட வேண்டியதில்லை.

அசௌகரியம் என்று எழுதியிருக்கிறாய். தலையணை மெத்தென்று இல்லாவிட்டால் அது அசௌகரியம். சறுக்குக் காலணிகளை ராத்திரி சூடாக்கி வைக்க மறந்துவிட்டால் அசௌகரியம். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்காமல் போவதற்கு வேறு பெயர் இருக்கிறது. தேடிப் பார்.

அன்று நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன், கேள். சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம், உன் விருந்தினர்களுக்கு நடுவில். முன்னால் நின்ற காரின் கூரைமேல் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி, பனிச்சறுக்குப் பலகைகள் வைப்பது. அம்மாவின் பெட்டியைப் பார்க்க வந்தவள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின் சீட்டில் இருந்த குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. நானும் நீட்டினேன். பதினொன்றரை ஆனதும் காரை அணைத்துவிட்டு, தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். வாசலுக்கு வந்தேனே, அப்போது நீ என்ன செய்தாய்? பச்சைக் கோட்டும் பளபளப்புப் பொத்தானுமாகப் படியில் நின்றாய். என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாய். "வாங்க, வாங்க, பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாய். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை கொர்பி. நீ என்னிடம்தான் சொன்னாய்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அப்பா கூரைப் பனியைத் தள்ளும்போது மாரடைத்து விழுந்தாரே, அன்று சாயங்காலம் எனக்கு அம்மா சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு எட்டு. வெள்ளை ஏப்ரனைக் கட்டிவிட்டாள். "இங்க யாரும் நம்ம அழுகையப் பாக்க வரல. சிரிச்சுகிட்டே ரொட்டிக் கூடையக் கொண்டு போ" என்றாள். கொண்டு போனேன். பதினெட்டு வயதில் அந்த வீட்டைவிட்டு நான் கிளம்பியதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். காரணம் அந்த ரொட்டிக் கூடைதான்.

ஞாயிற்றுக்கிழமை இறந்தவளைப் பற்றி எனக்கு வெள்ளிக்கிழமை சொன்னாய். ஏன்? அதற்கு மட்டும் பதில் எழுது.

புர்கி


ஓபர்சே
16 ஏப்ரல் 2023

அக்கா,

ஈஸ்டர் முடிந்து வீட்டைப் பூட்டியாயிற்று. சமையல்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறோம். ஏரியில் பனிக்கட்டி உடைகிற சத்தம் சமையலறைவரை கேட்கிறது. நானும் வின்ட்சென்ஸும் மட்டும் இருக்கிறோம். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுதித் தாளில் இல்லை, பார்.

நீ கேட்டதற்குப் பதில். சனிக்கிழமை ராத்திரியே அம்மாவுக்கு மூச்சு திணற ஆரம்பித்துவிட்டது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கு எடுத்துப் போனால் வழியிலேயே போய்விடுவார் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. கெட்ட நாள்ல போறேன். சனிக்கெழம வரைக்கும் மூச்சு விடாத" என்றார். "புர்கிக்கு?" என்று கேட்டேன். "வெள்ளிக்கெழம சொல்லு. முன்னாடியே சொன்னா ஓடி வந்துருவா. பெரிய படிக்கட்டுல அழுதுகிட்டே ஏறுவா" என்றார். அவருடைய கடைசிப் பேச்சு சீசனைப் பற்றித்தான். நான் என்ன செய்ய?

உனக்கு மறந்திருக்கலாம், நம் ஊர் வழக்கம் அப்படி. வீட்டுக்கு வீடு விடுதி. கிறிஸ்துமஸ் முதல் ஈஸ்டர்வரை சாவு மணி அடிப்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம், பழைய விருந்தினர் போய்ப் புதிய விருந்தினர் வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில் மணியும் அடித்து அடக்கமும் செய்துவிடுகிறோம். அந்த வாரம் முழுக்க ரொட்டிக்காரர், சறுக்குப் பள்ளிக்காரர்கள், பக்கத்து விடுதிக்காரர்கள் எல்லோரும் சமையலறைக் கதவு வழியாக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவைச் சாமான் லிஃப்டில் இறக்கி, பால் வண்டி வருகிற வாசல் வழியாகக் கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கொண்டு போனோம். மற்றவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் அம்மாவே அப்படித்தான் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் சீசனில் யாரும் சாவதில்லை அக்கா, சனிக்கிழமை மட்டும்தான் சாகிறார்கள். நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வாசலில் நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்லை. நீ சொன்ன பிறகு வின்ட்சென்ஸிடம் விசாரித்தேன். "ஆமா, கேட்டீங்க" என்றார்.

மே மாதம் வருகிறாயா? வீடு காலியாக இருக்கும். கல்லறையில் இன்னும் மரச்சிலுவைதான் நட்டிருக்கிறோம், கல் வைக்க மண் இறுக வேண்டும். நீ வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

கொர்பி


ஹாம்பர்க்
11 ஜூன் 2023

கொர்பி,

மே போய்விட்டது. நான் வரவில்லை. கோடையில் நான் ஓட்டும் பயணிகள் படகை விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதலாம் என்றிருந்தேன். எழுதினால் நீ நம்பவும் செய்வாய், நீ எதையும் நம்புகிறவன். உண்மை என்னவென்றால், பயணச்சீட்டு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா ஒரே ஒரு முறை இங்கே வந்தாள், உனக்குத் தெரியுமே, அந்த நவம்பரில். துறைமுகத்தில் என் படகில் ஏற்றி உட்கார வைத்தேன். நான் ஓட்டுகிறேன், அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் காணோம். ஏறுகிற வழியில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் "வாங்க, பாத்து, வழுக்கும்" என்று கை கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற கப்பல் பட்டறை ஆட்கள் அவர்கள். ஒருத்தன் பயந்து தொப்பியைக் கழற்றிவிட்டான். "உன் படகுல ஏர்றவங்கள யாருமே வான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று என்னைத் திட்டினாள். அன்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளிடம் கோபப்படவும் முடியாது, கோபப்படாமல் இருக்கவும் முடியாது.

"பெரிய படிக்கட்டுல அழுதுகிட்டே ஏறுவா" என்று சொன்னாளாமே. சரிதான், ஏறியிருப்பேன். மகள் அழுதுகொண்டு ஏறுவதற்கு இல்லாமல் ஒரு வீட்டில் படிக்கட்டு எதற்கு?

வருட நினைவுக்கு வருகிறேன். பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. பாதிரியாரிடம் சொல்லிவை. திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைதான், சனிக்கிழமைக்குத் தள்ளுகிற வேலை வேண்டாம்.

புர்கி


ஓபர்சே
7 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸ் முதல் வீடு நிரம்பி இருக்கிறது. ஏரியில் பனிக்கட்டி இந்த வருடம் முன்னதாகவே பிடித்துவிட்டது. புதிதாக ஏரிக்கரையில் கண்ணாடிச் சுவர் வைத்த நீராவிக் குளியலறை கட்டியிருக்கிறோம், விருந்தினர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சூடாக வெளியே வந்து பனியில் விழுந்து புரள்கிறார்கள்.

வருட நினைவு விஷயமாகச் சில வார்த்தைகள். பன்னிரண்டாம் தேதி, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள். அன்று ராத்திரி முகமூடி விருந்து. வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். பூசையைப் பத்தாம் தேதி சனிக்கிழமைக்கோ பதினேழாம் தேதி சனிக்கிழமைக்கோ வைத்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். முடியாது என்றால் திங்களே இருக்கட்டும், காலை ஆறரைக்கு, பாடல் இல்லாமல்.

நீ வரும்போது தயவுசெய்து சமையலறைப் பக்க வாசல் வழியாக வா. சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதானால் கறுப்பு உடை வேண்டாம். விருந்தினர் யாராவது உன்னை அடையாளம் கண்டு அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்டால், பொதுவாக ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு. அதிகம் பேச வேண்டாம். நீ வந்ததும் விவரமாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
கொர்பினியான்


ஹாம்பர்க்
14 ஜனவரி 2024

கொர்பினியான்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். "அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்டால்." இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறவளைப் பற்றி விருந்தினர் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆழ்ந்த அனுதாபம் என்பார்கள், நன்றி என்பேன். இதில் சமாளிக்க என்ன இருக்கிறது? ஏதோ இடித்தது. சமையலறைக்குப் போன் போட்டேன். வின்ட்சென்ஸ் எடுத்தார்.

"என்ன நடக்குது அங்க?" என்றேன்.

"எல்லாம் வழக்கம்போலத்தான். அம்மா ரூமுக்கு இன்னிக்கும் ரெண்டு டப்பா சாக்லேட் போச்சு" என்றார்.

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான் புர்கி. விருந்தாளிங்க வருஷாவருஷம் கொண்டு வந்து குடுப்பாங்கல்ல. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்குறாங்க. ஓய்வா இருக்காங்கன்னு தம்பி சொல்லுது. அப்ப இத மேல குடுத்துருங்கன்னு நீட்டுறாங்க. தம்பி எங்கிட்ட குடுக்குது. நான் கொண்டு போய் வைக்கிறேன்."

அவரே தொடர்ந்தார்: "கதவத் தட்டிட்டுத்தான் உள்ள போறேன். பழகிப்போச்சு."

போனை வைத்துவிட்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெற்றவளை மறைப்பதை உன்னிடம்தான் பார்க்கிறேன். ஊரறியச் சிலுவை நட்டிருக்கிறாய், வீட்டுக்குள் உயிரோடு வைத்திருக்கிறாய். விருந்தினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி அம்மாவுக்கென்று பூனைப் படம் வரைந்து கொடுத்தாளாமே, அதையும் மேலே கொண்டு போய் வைத்தாராம் வின்ட்சென்ஸ். உன் வீட்டில் ஒருவருக்குமே இது தப்பு என்று தோன்றவில்லையா?

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நான் பன்னிரண்டாம் தேதி வர வேண்டுமானால், அதற்கு முன்னால் நீ சொல்லியிருக்க வேண்டும். தாளில் எழுதி வரவேற்பறையில் ஒட்டுவது கூடாது. வின்ட்சென்ஸை விட்டுச் சொல்லவைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது, உன் வாயால், என் அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். அம்மா ஓய்வாக இருக்கிறாள் என்று சொல்கிற வீட்டில் அவளுக்கு நான் பூசை வைக்க வர மாட்டேன். பன்னிரண்டாம் தேதி தாண்டியும் நீ சொல்லவில்லை என்றால் எனக்கு இனி எழுதாதே. அம்மா போனது போலத் தம்பியும் போனான் என்று இருந்துவிடுகிறேன்.

புர்கி


ஓபர்சே
23 ஜனவரி 2024

அக்கா,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல விடு.

அந்த ஞாயிறு அம்மா போனது விடியும்போது. காலைச் சாப்பாட்டுக்கு நான் கீழே இருந்தாக வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். கணப்புக்குப் பக்கத்து மேசையில் டெக்கர் தம்பதி, பிரேடா ஊர்க்காரர்கள், உனக்கே தெரியும், நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிலிருந்து வருகிறவர்கள். இரண்டு வாரம் தங்க முந்தின நாள்தான் வந்திருந்தார்கள். டெக்கர் அம்மாள், "அம்மா எங்க கொர்பி, இன்னும் எறங்கலயா?" என்று கேட்டார். நான், "ஓய்வா இருக்காங்க" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. அதற்குள் யாரோ இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டார்கள்.

சனிக்கிழமைக்குப் பிறகு சொல்லியிருக்கலாம். அடக்கம் முடிந்து வந்து கோட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது சொன்னால், ஆறு நாளாக என்ன சொன்னாய் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். சரி, அடுத்த சீசனில் நிதானமாகச் சொல்லலாம் என்று விட்டேன். டிசம்பர் வந்தது. முதலில் வந்த குடும்பம் இறங்கியதும் கேட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகம் தானாகச் சிரித்துவிட்டது. சிரித்த முகத்தோடு சாவுச் செய்தி எப்படிச் சொல்ல முடியும்? மறுபடியும் ஓய்வு என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். "ஓய்வா இருக்காங்க" என்று சொல்கிறேனே, அந்த நேரத்துக்கு அவள் மாடியில் இருக்கிறாள். நிஜமாகவே இருக்கிறாள் அக்கா. கால்களைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, கீழே என்ன சத்தம் என்று காது கொடுத்துக்கொண்டு. நான் அதைச் சொல்வதற்காகவே சில சமயம் யாராவது கேட்கட்டும் என்று மேசை மேசையாகப் போய் நிற்கிறேன். கேட்டவர்கள் நகர்ந்ததும் அவள் இல்லாமல் போகிறாள். நான் அவளுக்காக இதுவரை அழவில்லை. அழுதால் முடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் சொல் என்கிறாய். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. என்னை வெட்டிவிடாதே.

கொர்பி


ஹாம்பர்க்
31 ஜனவரி 2024

கொர்பி,

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்தேன்.

நேற்று ஒன்று நடந்தது. படகுத்துறையில் என்னோடு வேலை பார்க்கிற மார்த்தே, பிப்ரவரியில் எனக்கு விடுப்பு எதற்கு என்று கேட்டாள். "வீட்டுல ஒரு விசேஷம்" என்றேன். "போன வருஷமும் இதே சமயம் விசேஷம்னு போனியே, என்ன விசேஷம்?" என்றாள். நான் சிரித்தேன் கொர்பி. அதே சிரிப்பு. ரொட்டிக் கூடைச் சிரிப்பு.

அப்போதுதான் உறைத்தது. ஒரு வருடமாக இந்த ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. உன் விருந்தினர்களுக்குச் சொல்லவில்லை என்று உன்மேல் பாய்ந்தேனே, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் நான் சொன்னேனா? ஊருக்குத்தான் உபதேசம். அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ மட்டும் படித்தாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். "எங்க அம்மா செத்துப் போயிட்டாங்க. போன வருஷம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள பொதச்சுட்டாங்க" என்றேன். மார்த்தே என் கையிலிருந்த படகுக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் என் முறையையும் சேர்த்து அவளே ஓட்டினாள். நான் பின்னால், அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் முடிந்துவிடும் என்று எழுதியிருந்தாயே. எனக்கு எதுவும் முடிந்துபோகவில்லை. உனக்கும் முடிந்துபோகாது, பயப்படாதே.

நான் சொன்ன நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதைக் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிடுடா.

அக்கா


ஓபர்சே
7 பிப்ரவரி 2024

அக்கா,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நீ கிளம்புவதற்குள் கிடைத்துவிட வேண்டும்.

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

டெக்கர் தம்பதி சனிக்கிழமை வந்துவிட்டார்கள். வந்ததும் அம்மாவுக்கென்று வழக்கமான டப்பாவை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஞாயிறும் திங்களும் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது முதல் சூப்பை நானே ஊற்றுவது அம்மா வைத்த வழக்கம். சூப்புச் சட்டியோடு டெக்கர் மேசைக்குப் போனேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் டெக்கர் அம்மாள்.

"இறந்துட்டாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அதனால் சட்டியைப் பிடித்தபடியே கூடத்தைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். "எங்க அம்மா போன வருஷம் பிப்ரவரி பன்னெண்டாம் தேதி இறந்துட்டாங்க. ஓய்வா இருக்காங்கன்னு நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்." கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. முதல் தடவையாக வந்திருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனது. அவர்கள் இன்று காலை வரவேற்பறையில் குறை சொன்னார்கள், விடுமுறையில் இதெல்லாம் கேட்க வேண்டுமா என்று. நியாயம்தான். அம்மாவும் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பாள்.

மற்றவர்கள் எழவில்லை. டெக்கர் அம்மாள் என் முழங்கையைத் தொட்டார். "தெரியும் கொர்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"போன வருஷமே தெரியும். நாங்க சறுக்கிட்டுப் போற பாதை கல்லறைச் சுவர ஒட்டித்தான போகுது? புது மண்ணு, புதுச் சிலுவை, உங்க அம்மா பேரு. அன்னிக்கு ராத்திரி ஓய்வா இருக்காங்கன்னு நீ சொன்ன. இவரு கேக்கப் போனாரு. நான்தான் மேசைக்கடியில கால மிதிச்சேன்."

கணப்புக்கு அந்தப் பக்கத்து மேசையில் வருடாவருடம் வருகிற கெண்ட் நகரத்து மருத்துவர், "எங்களுக்கும் தெரியும்" என்றார். ஜன்னல் மேசைக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும் அக்கா. ஒருவர் பார்த்து ஒருவருக்குச் சொல்லி, கடிதம்கூடப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனாகச் சொல்லும்வரை நாமாக எதுவும் சொல்ல வேண்டாம், எப்போதும்போலக் கேட்டுவைப்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"அப்ப சாக்லேட்டு எதுக்கு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"நீ எளச்சுப் போயிருந்த. நீயாவது சாப்பிடுவேன்னுதான்" என்றார்.

நம் துக்கம் விருந்தினருக்குத் தெரியக் கூடாது என்று அப்பா செத்த அன்றிலிருந்து நாம் காத்துவந்தோமே, அவர்கள் ஒரு வருடமாக என்னைக் காத்துவந்திருக்கிறார்கள். காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்தவர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வின்ட்சென்ஸ் எங்கிருந்தோ வந்து சட்டியை வாங்கிக்கொண்டார். டெக்கர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். கூடத்தின் நடுவில், பச்சைக் கோட்டோடு, விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. டெக்கர் அம்மாள் எனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

இன்று காலை பாதிரியாரைப் பார்த்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பூசை, பாடலோடு. மணி அடிப்பதைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு இருக்கிறது. ரொட்டிக்காரர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ராத்திரி முகமூடி விருந்து நடக்கும், ஆனால் நான் இருக்க மாட்டேன். வரவேண்டியவர்கள் அவர்களாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நீ ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாய் அல்லவா? வீடு நிரம்பியிருக்கிறது. உனக்குக் கொடுக்க விருந்தினர் அறை ஒன்றுகூட இல்லை. தங்கள் அறையை விட்டுத் தருவதாக டெக்கர் அம்மாள் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மாடிக்குப் போனேன். கதவைத் தட்டாமல் திறந்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, புது விரிப்புப் போட்டேன். அங்கே யாரும் ஓய்வெடுக்கவில்லை அக்கா. அறை காலி. நீ வா.

கொர்பி